பதில் எந்த மொழியில் வரும்?

"இரண்டு மொழி, மூன்று மொழி என்று வைத்துக்கொண்டால் ஆபீஸ் நடக்குமா?"

முப்பத்து நான்கு வருஷ குமாஸ்தா உத்தியோகத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். மேலதிகாரிகள் கேட்டார்கள். சக ஊழியர்கள் கேட்டார்கள். இப்போது கடற்கரையில் காலை நடைக்கு வரும் ஓய்வூதியக்காரர்களும் கேட்கிறார்கள். கேட்கிற எல்லோரும் பதிலையும் கையிலேயே வைத்திருக்கிறார்கள்: நடக்காது, செலவு அதிகம், குழப்பம் அதிகம், கடைசியில் நாடு உடைந்துபோகும்.

நடக்கும் ஐயா. நடப்பதைப் போன ஜூலையில் நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

மகள் பிரான்சில் இருக்கிறாள். கோடையில் அவள் வீட்டில் தங்கியிருந்தபோது, எட்டு நாள் நாங்கள் இருவர் மட்டும் எங்காவது போய்வருகிறோம் என்றோம். எல்லோரும் ரோம், வெனிஸ் என்றார்கள். மலை வேண்டும் என்றாள் மனைவி. ரயில் வேண்டும் என்றேன் நான். இரண்டுக்கும் பொருந்தி வந்தது இத்தாலியின் வடகோடியில் இருக்கும் ஒரு நகரம். வெரோனாவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். ரயில் நிலையப் பலகையில் இரண்டு பெயர்: இத்தாலியத்தில் போல்ட்சானோ, ஜெர்மனில் போட்சன். மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். சுற்றிலும் மலை, நடுவில் கிண்ணம்போல ஊர். ஜூலை வெயில் நம் ஊர் வெயிலுக்கு அதிகம் இளைத்ததல்ல.

இந்த ஊரும் இதைச் சுற்றியுள்ள தென் திரோல் மாகாணமும் 1918 வரை ஆஸ்திரியப் பேரரசில் இருந்தவை. முதல் உலகப் போர் முடிந்து 1919-இல் எழுதப்பட்ட உடன்படிக்கையில் இத்தாலிக்குப் போயின. ஜெர்மன் பேசிக்கொண்டிருந்த மக்கள் படுக்கப்போகும்போது ஒரு நாட்டில் இருந்தார்கள், விழித்தபோது இன்னொரு நாட்டில் இருந்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி மாகாணத்தில் நூற்றுக்கு 69 பேர் ஜெர்மன், 26 பேர் இத்தாலியம், நான்கைந்து பேர் லதின் என்ற சின்ன மொழி. போல்ட்சானோ நகரத்துக்குள் மட்டும் கணக்கு தலைகீழ்: நால்வரில் மூவர் இத்தாலியம் பேசுகிறவர்கள். அதற்கும் காரணம் உண்டு, வருகிறேன்.

ஒரே நாடு ஒரே மொழி என்கிற மருந்தை இந்த மக்களுக்கு முசோலினி ஆட்சி இருபது வருஷம் புகட்டிப் பார்த்தது. என்னென்ன செய்தார்கள் என்று வரிசையாகச் சொல்கிறேன். 1923-இலிருந்து பள்ளிகளில் ஜெர்மன் படிப்படியாக ஒழிக்கப்பட்டது. ஆபீசிலும் நீதிமன்றத்திலும் இத்தாலியம் மட்டும். ஊர்ப் பெயர்கள் மாற்றப்பட்டன. 1927-இல் கல்லறைக் கல்லில்கூட ஜெர்மனில் எழுதக்கூடாது என்றார்கள். செத்தவனும் இத்தாலியனாகத்தான் சாகவேண்டும்! நகரின் பெரிய சதுக்கத்தில் நின்ற இடைக்கால ஜெர்மன் கவிஞர் வால்தரின் சிலையை 1935-இல் பெயர்த்து ஒரு பூங்காவில் கொண்டுபோய் வைத்தார்கள். அது பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது 1981-இல்.

மக்கள் சும்மா இருந்தார்களா? மிக்காயேல் காம்பர் என்ற பாதிரியார், ஆதிக் கிறிஸ்தவர்கள் நிலவறையில் கூடியதுபோல நாமும் கூடுவோம் என்றார். வீட்டு அறைகளிலும் தானியக் களஞ்சியங்களிலும் ரகசியப் பள்ளிக்கூடம் நடந்தது. சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பிடிபட்டால் சிறை. அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்ததற்குச் சிறை!

1939-இல் ஹிட்லரும் முசோலினியும் கூடி இன்னொரு ஏற்பாடு செய்தார்கள். அதற்குப் பெயர் ஒப்சியோன், அதாவது விருப்பத் தேர்வு. மொழி வேண்டுமென்றால் ஊரைவிட்டு ஜெர்மனிக்குப் போ. ஊர் வேண்டுமென்றால் மொழியை விடு. எண்பது சதவீதத்துக்கு மேல் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சுமார் 75,000 பேர் போகவும் போனார்கள். போகிறவனைத் துரோகி என்று இருக்கிறவன் சொல்ல, இருக்கிறவனைத் துரோகி என்று போகிறவன் சொல்ல, ஒரே குடும்பம் இரண்டாயிற்று.

ஒப்சியோன் என்ற சொல்லை அங்கே காட்சிப் பலகையில் பார்த்ததும் புதுச்சேரிக்காரனான எனக்கு ஒரு கணம் நெஞ்சில் தட்டியது. எங்களுக்கும் ஒரு ஒப்சியோன் உண்டு. 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எங்கள் தெருவிலேயே அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன், தம்பி இந்தியக் குடிமகன் என்று ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த வீடு இருந்தது. யாரும் ஊரைவிட்டுப் போகவேண்டியதில்லை, யாரும் வாயை மூடவேண்டியதும் இல்லை. ஒரே சொல்தான், அதைச் சட்டமாக எழுதுகிறவன் மனசில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அது கதவாகவும் இருக்கும், கத்தியாகவும் இருக்கும்.

அந்தக் காலத்தின் இரண்டு சின்னங்கள் நகரில் இன்னும் நிற்கின்றன. ஒன்று, 1928-இல் திறக்கப்பட்ட வெற்றி நினைவுச்சின்னம். கட்டியவர் பியாச்சென்தீனி. எல்லை இதுதான், இங்கிருந்து மற்றவர்களுக்கு மொழியும் சட்டமும் கலையும் கற்பித்தோம் என்ற பொருளில் நெற்றியில் லத்தீன் வாசகம். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் கொஞ்சம் லத்தீனும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், எழுத்துக்கூட்டிப் படித்தேன். "என்னங்க எழுதியிருக்கு?" என்றாள் மனைவி. சொன்னேன். "பேசத் தெரிஞ்சவங்களுக்கா பேசக் கத்துக் குடுத்தாங்க?" என்றாள். அதற்குமேல் ஒரு விமரிசனம் தேவையில்லை. இப்போது அதை இடிக்காமல், கீழே நிலவறையில் அந்தக் காலத்தின் கதையை உள்ளபடி சொல்லும் கண்காட்சி ஒன்றை 2014-இல் திறந்திருக்கிறார்கள்.

இன்னொன்று ஒரு அரசு அலுவலகம். வருமானவரி, நிதித்துறைக்காரர்கள் இருக்கும் கட்டடம், முன்பு பாசிஸ்டுக் கட்சியின் மாளிகை. முகப்பில் ஹான்ஸ் பிஃப்ராடர் செதுக்கிய நீண்ட கற்சிற்ப வரிசை, நடுவில் குதிரைமேல் முசோலினி. நம்பு, கீழ்ப்படி, போரிடு என்று கட்டளை. 2017-இல் அந்தச் சிற்பத்தின் குறுக்கே ஹன்னா ஆரெண்ட்டின் வாசகம் ஒன்றை ஒளியெழுத்தில் போட்டார்கள், மூன்று மொழிகளில்: கீழ்ப்படியும் உரிமை யாருக்கும் இல்லை. ஒரு குமாஸ்தா நின்று படிக்கவேண்டிய வாசகம். "மேலே இருந்து உத்தரவு, நான் என்ன செய்ய?" என்பது எங்கள் ஜாதியின் தேசிய கீதம் அல்லவா?

மறுநாள் மலைக்குப் போனோம். நகரிலிருந்தே கம்பிவட ஊர்தி. பன்னிரண்டு நிமிஷத்தில் 1,221 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடுகிறது. அங்கே 1907-இலிருந்து ஓடும் குறுகிய பாதை ரயில் ஒன்று. அதில் போனால் மழை அரித்த மண் தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பாறை தொப்பிபோல. எதிரே டோலமைட் மலைகள். மாலையில் ரோசன்கார்ட்டன் என்ற மலை சிவந்தது. ஜெர்மனில் ரோஜாத் தோட்டம் என்று பொருள். லௌரின் என்ற குள்ள அரசனின் ரோஜாத் தோட்டம் அங்கே இருந்ததாம். தோல்வியின் கோபத்தில், பகலிலும் இரவிலும் யார் கண்ணுக்கும் தெரியாதே என்று தோட்டத்தைச் சபித்தானாம். அந்திப்பொழுதைச் சொல்ல மறந்துவிட்டான். அதனால் அந்தியில் மட்டும் ரோஜாக்கள் தெரிகின்றன. இத்தாலியத்தில் இந்த மலையின் பெயர் கத்தினாச்சோ. அதுவும் பழைய பெயர்தான், ஆனால் அதில் ரோஜா இல்லை. ஒரு பெயரை மட்டும் வைத்து இன்னொன்றை அழித்தால் அழிவது பலகை அல்ல, கதை.

அழிக்க முயன்றவரின் பெயர் எத்தோரே தொலொமேய். தென் திரோலின் ஊர், ஆறு, மலை எல்லாவற்றுக்கும் இத்தாலியப் பெயர் எழுதி ஆயிரக்கணக்கில் ஒரு பட்டியல் தயாரித்தார். 1916-இல் அச்சாயிற்று, 1923-இல் அரசாணை ஆயிற்று. போல்ட்சானோ, மெரானோ போன்ற சில பெயர்கள் உண்மையிலேயே பழையவை. மற்றவை பல அவர் மேஜையில் பிறந்தவை. ஷ்டெர்ட்சிங் என்ற ஊருக்கு ரோமானியர் காலத்துப் பெயரைத் தோண்டியெடுத்து விப்பித்தேனோ என்று சூட்டினார். இவர் 1904-இலேயே ஒரு சிகரத்தில் ஏறி அதற்கு இத்தாலியின் உச்சி என்று பெயர் வைத்தவர். வேடிக்கை என்னவென்றால், அப்போது அந்த மலை இத்தாலியில் இல்லை, ஆஸ்திரியாவில் இருந்தது! முதலில் ஏறியவர் தாம்தான் என்றும் சொல்லிக்கொண்டார். அதற்கு ஒன்பது வருஷம் முன்பே வேறொருவர் ஏறிவிட்டிருந்தார். பெயர் மாற்றுகிற அவசரக்காரர்கள் எல்லா நாட்டிலும் இப்படித்தான். முதலில் பெயர், பிறகு நிலம், கடைசியில் வரலாறு.

இன்னொரு நாள் பேருந்தில் ஓர்த்திசேய் போனோம், மரச்சிற்பக்காரர்களின் ஊர். பலகையில் மூன்று பெயர். மூன்றாவது உர்த்திஷேய், அது லதின் மொழி. (லத்தீன் அல்ல, அதன் பேத்தி.) கடைக்காரம்மா "பொன் தி" என்றார். எங்கள் பொன்ழூருக்குச் சித்தப்பா மகள் மாதிரி இருந்தது. மாகாணத்தில் இந்த மொழி பேசுகிறவர்கள் சுமார் இருபதாயிரம் பேர்தான். நம் ஊரில் இரண்டு பேட்டை ஜனம். அவர்களுக்குப் பள்ளியில் லதின் உண்டு, ஊர் ஆபீசில் லதின் உண்டு, அந்த நிதித்துறைக் கட்டடத்தின் முகப்பிலும் லதின் உண்டு. இருபதாயிரம் பேருக்காக எவன் அச்சடிப்பான் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

இரண்டு நாள் மலை நடையில் மனைவிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மருந்துக்கடைக்குப் போனோம். களிம்புக்கு ஒரு குறிப்புத்தாள் இத்தாலியத்தில், ஒன்று ஜெர்மனில். அவள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, ரெண்டுலயும் ஒரே சேதிதானா?" ஒரே சேதிதான். மருந்துக் குறிப்பு ஜெர்மனிலும் கிடைக்கவேண்டும் என்று 1988-இல் போட்ட சட்டத்தில் இருக்கிறது. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரின் மொழியில் வழக்கு நடத்தவேண்டும் என்பதும் அதே சட்டம்தான். வியாதிக்காரனும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவனும் தனக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவேண்டும். இதில் ஆடம்பரம் என்ன இருக்கிறது?

இந்த நிலைக்கு அவர்கள் சும்மா வந்துவிடவில்லை. 1946 செப்டம்பர் 5-இல் பாரிசில் இத்தாலியின் தெ காஸ்பெரியும் ஆஸ்திரியாவின் குரூபரும் ஒரு உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். காகிதத்தில் சமத்துவம் வந்தது. நடைமுறையில், இத்தாலியர் பெரும்பான்மையாக இருந்த பக்கத்து மாகாணத்தோடு சேர்த்துக்கட்டி, அதிகாரத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். 1957-இல் சில்வியுஸ் மான்யாகோ தலைமையில் ஒரு கோட்டையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கூடினார்கள். 1960-இல் விஷயம் ஐ.நா. சபைக்குப் போனது. 1961 ஜூனில் ஒரே இரவில் பல மின்கம்பக் கோபுரங்கள் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டன. உயிர்களும் போயின. 1972-இல் புதிய தன்னாட்சிச் சட்டம் வந்தது. எண்பதுகளின் இறுதிவரை அங்கங்கே வெடித்தது, பிறகு அடங்கியது. 1992-இல் தகராறு தீர்ந்தது என்று ஆஸ்திரியாவே ஐ.நா.வுக்கு எழுதிக் கொடுத்தது.

பல மொழி வைத்தால் நாடு உடையும் என்கிறவர்கள் இந்தத் தேதிகளை வரிசையாகப் படிக்கவேண்டும். குண்டு வெடித்தது மொழியை மறுத்த காலத்தில். அமைதி வந்தது மொழியைக் கொடுத்த பிறகு. அந்த மாகாணம் இன்றும் இத்தாலியில்தான் இருக்கிறது.

சரி, ஆபீஸ் எப்படி நடக்கிறது? இதுதான் என்னைப் போன்றவனுக்கு ருசியான பகுதி. அரசு வேலைக்கு வருகிறவர் இத்தாலியம், ஜெர்மன் இரண்டிலும் தேர்வு எழுதித் தேறவேண்டும். நான்கு படிகள். மேலதிகாரிக்குக் கடினமான படி, கடைநிலை ஊழியருக்கு எளிய படி. தேறியவருக்கு மாதச் சம்பளத்தோடு இருமொழிப் படி என்று தனியாகப் பணம். அவ்வளவுதான் ரகசியம்! தேர்வும் படியும். ஊழியர்கள் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று புலம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தேர்வு வைத்துப் படியும் கொடுத்தால் குமாஸ்தா எதை வேண்டுமானாலும் கற்றுக்கொள்வான். நாங்கள் பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் தமிழ், ஆபீசில் ஆங்கிலம் என்று கற்றவர்கள்தானே?

இனி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்தத் தன்னாட்சிச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு, ஜெர்மன் பேசும் குடிமகன் மாகாணத்தில் உள்ள அரசு அலுவலகங்களோடு தன் மொழியில் தொடர்புகொள்ளலாம் என்கிறது. அதோடு நிற்கவில்லை, கடிதம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில் அலுவலகம் பதில் எழுதவேண்டும் என்கிறது. நம் அரசியல் சட்டத்தில் 350-ஆம் பிரிவு இருக்கிறது. குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்தில் அல்லது மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் பதில் எந்த மொழியில் வரும் என்று அதில் ஒரு சொல் கிடையாது. புதுச்சேரிக்கு 1965-இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் தமிழைக் கொண்டுவந்தது, ஆங்கிலமும் தொடரலாம் என்றது. தொடரலாம் என்ற இந்த ஒரு சொல்லில்தான் நாங்கள் உத்தியோக காலம் முழுவதையும் ஓட்டினோம்.

பதில் எந்த மொழியில் வருகிறது என்பதில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். மகனை இழந்த ஒரு மூதாட்டி உதவித்தொகைக்குத் தமிழில் மனு கொடுத்திருந்தார். ஆங்கிலத்தில் பதில் போனது. வாரிசுச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை, ஆறு மாதத்துக்குள் இணைத்து மீண்டும் அனுப்பவும் என்பது சாரம். அவர் அதை டீக்கடையில் யாரிடமோ காட்டியிருக்கிறார். "இல்லைன்னு எழுதியிருக்கு பாட்டி" என்று சொல்லிவிட்டான் அந்தப் பையன். தகரப்பெட்டியில் வைத்துவிட்டார். பதினோரு மாதம் கழித்து வேறு காரியமாக வந்தவர் என்னிடம் அந்தக் காகிதத்தை நீட்டினார்.

"அம்மா, இது இல்லைன்னு சொல்லலை. ஒரு சான்றிதழ்தான் கேக்குது."

"அத அப்பவே சொல்லியிருந்தா கொண்டாந்திருப்பேனே தம்பி."

கெடு முடிந்துவிட்டது. பணம் போனது போனதுதான். அந்தக் கடிதத்தில் இலக்கணப் பிழை இல்லை, விதி மீறல் இல்லை, கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருந்தன. மனு வாங்கும் கடமையை அரசு செய்தது. பதில் சொல்லும் கடமையைச் செய்யவில்லை. புரியாத மொழியில் எழுதிய பதில், பதில் அல்ல, அது காகிதம்.

போல்ட்சானோ சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. முப்பதுகளில் தொழிற்பேட்டைக்கென்று இத்தாலியத் தொழிலாளிகளைக் குடியேற்றினார்கள். நகரில் இத்தாலியம் மிகுந்ததற்கு அது ஒரு காரணம். அந்தத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகளுக்கும் அதுதான் சொந்த ஊர். அரசு வேலைகளை மொழிவாரி விகிதத்தில் பங்கிட்டபோது கதவு அடைபட்டதாக அவர்களில் பலர் வருந்தினார்கள். வேலைக்குப் போகிறவன் தான் எந்த மொழிக் கூட்டம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அம்மா ஜெர்மன், அப்பா இத்தாலியம் என்றால் பிள்ளை என்ன எழுதுவான்? பள்ளிக்கூடங்களும் தனித்தனி. 2001-இல் வெற்றிச் சதுக்கத்தை அமைதிச் சதுக்கம் என்று பெயர் மாற்றினார்கள். அடுத்த வருஷமே வாக்கெடுப்பு நடத்தி மக்கள் பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். புண் ஆறினாலும் தழும்பு அரிக்கத்தான் செய்கிறது.

அது பணக்கார மாகாணம், வரியில் பத்தில் ஒன்பது பங்கைத் தானே வைத்துக்கொள்கிறது, அதனால் செய்யமுடிகிறது என்பார்கள். பங்கு உண்மைதான். ஆனால் ஒரு படிவத்தை ஒருமுறை மொழிபெயர்த்தால் இருபது வருஷம் ஓடும். அந்த மூதாட்டிக்கு எழுதிய நான்கு வரியைத் தமிழில் எழுத எவ்வளவு செலவு ஆகியிருக்கும்? அதே குமாஸ்தா, அதே காகிதம், அதே மை. அந்தக் குமாஸ்தாவுக்குத் தாய்மொழியும் தமிழ்தான்!

எனவே என் கோரிக்கை பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. மனு எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில் பதில் போகவேண்டும். அதை எழுதத் தெரிந்த ஊழியருக்குத் தேர்வும் படியும் வேண்டும். கெடு வைக்கும் கடிதம் குடிமகனுக்குப் புரியாத மொழியில் போயிருந்தால், அந்தக் கெடு செல்லாது என்று ஒரு விதி வேண்டும். இதைத் தமிழருக்கு மட்டும் கேட்கவில்லை. ஏனாமில் தெலுங்கருக்கும் மாஹேயில் மலையாளிக்கும், நம் ஊரில் செங்கல் சுமக்க வந்திருக்கும் ஒடியாக்காரருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். நமக்கு ஒரு நியாயம், அவனுக்கு ஒரு நியாயம் என்றால் நாமும் தொலொமேய் கட்சிதான்.

நடக்காது என்கிறவர்கள் தாராளமாக எனக்கு எழுதலாம். எந்த மொழியில் எழுதுகிறீர்களோ அந்த மொழியிலேயே பதில் போடுகிறேன். எனக்குத் தெரியாத மொழியென்றால் தெரிந்தவரைத் தேடிப் பிடித்து எழுதுவேன். ஓய்வுபெற்ற ஒரு குமாஸ்தாவால் முடிவது ஒரு அரசாங்கத்தால் முடியாதா?